வேகத்தின் வரவு செலவு

கணக்குப் பார்க்கிறவன் விமானத்தைப் பற்றி என்ன பேசப்போகிறான் என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆனால் இம்மாதம் நான் சொல்லவிருக்கும் வரலாறும் ஒருவகையில் வரவு செலவுக் கணக்குத்தான்.

அமெரிக்காவில் ஒருவர் தனது வீட்டுக் கார்க் கொட்டகையிலேயே ஒரு சிறு விமானத்தைக் கட்டி, அதிகாரிகளின் பரிசோதனைக்குப் பின்னர் அதில் பறக்கலாம். வேலையில் பெரும்பகுதியை அவரே செய்திருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. இத்தகைய ஆர்வலர்களுக்காக 1953இல் போல் பொபரெஸ்னி என்பவர் மில்வோக்கி நகரில் ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். ஏறக்குறைய அதே காலத்தில் ரே ஸ்ரிற்ஸ் என்பவர் 'பிளேபோய்' என்ற ஒற்றை இருக்கை விமானத்தை வடிவமைத்திருந்தார். உருக்குக் குழாய், மரம், துணி ஆகியவற்றால் ஆனது. இறக்கைகளைத் தாங்குகம்பிகள் பிடித்திருந்தன.

ஒறேகன் மாநிலத்துப் பண்ணைக் குடும்பமொன்றில் வளர்ந்த பொறியியலாளர் றிச்சர்ட் வான்கிறன்ஸ்வன், 1960களின் ஆரம்பத்தில் வேறொருவர் கட்டிய பிளேபோய் ஒன்றை வாங்கினார். அதில் இருந்தது 65 குதிரைவலு இயந்திரம். வேகம் போதவில்லை. எல்லோரும் செய்வதையே முதலில் அவரும் செய்தார். 125 குதிரைவலு இயந்திரத்தைப் பூட்டினார்.

இங்கேதான் கணக்கைக் கவனிக்க வேண்டும். வேகமாகப் பறக்கும்போது காற்றின் தடை வேகத்தின் வர்க்கப்படி கூடும். அதை வெல்லத் தேவையான வலுவோ வேகத்தின் கனப்படி கூடும். வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு வலு வேண்டும். இயந்திரத்தின் வலு 65இலிருந்து 125 ஆக, அதாவது ஏறக்குறைய இரட்டிப்பாக உயர்ந்தாலும், வேகம் நாலில் ஒரு பங்குதான் கூடும். எரிபொருட் செலவும் இயந்திரப் பாரமும் வேறு.

ஆகவே அவர் அடுத்து வீண்செலவில் கைவைத்தார். விமானத்துக்கு வீண்செலவு என்றால் காற்றுத்தடை. பழைய இறக்கையைக் கழற்றிவிட்டு, தாங்குகம்பி எதுவும் வேண்டாத முழு அலுமினிய இறக்கையைத் தானே வடிவமைத்துப் பொருத்தினார். குடும்பப் பண்ணையின் குறுகிய ஓடுபாதை அவருக்குப் பழக்கமானது. வேகமாகப் பறக்கும் விமானம் மெதுவாக இறங்கவும் வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை. அதனால் இறங்கும்போது கீழே மடிக்கக்கூடிய மடிப்புகளையும் இறக்கையில் வைத்தார். 1965இல் பறந்த இந்த விமானத்துக்குத் தனது பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஆர்வி-1' என்று பெயரிட்டார்.

அதில் கற்ற பாடங்களைக் கொண்டு முற்றிலும் புதிதாக அவர் வரைந்த ஆர்வி-3 விமானம் 1971இல் பறந்தது. அதே 125 குதிரைவலுவில் மணிக்கு 190 மைல்களுக்கு மேல் ஓடியது. 1973இல் அவர் நிறுவனம் தொடங்கினார். பின்னாளில் அவரது வரைபடங்களையும் பாகத்தொகுதிகளையும் கொண்டு உலகெங்கும் 11,000க்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டிப் பறக்கவிடப்பட்டன.

இந்தக் கதைக்குச் செலவுப் பக்கமும் உண்டு. சில ஆர்வி-3 விமானங்களின் இறக்கைகள் வானிலேயே முறிந்து உயிர்கள் பறிபோயின. வேகம் கூடும்போது இறக்கையின் மீதான சுமையும் கூடும். விமானி கைப்பிடியைச் சடுதியாக இழுத்தால் அது பன்மடங்காகும். அதன்பின் இறக்கை திருத்தி வடிவமைக்கப்பட்டு ஆர்வி-3பி என வெளிவந்தது. ஒன்றை மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் மறுபடி கணக்குப் பார்க்கவேண்டும் என்பது இத்துறையில் உயிர் கொடுத்துக் கற்ற பாடம்.

அந்தப் பாடத்தை நிறுவனமே ஒருநாள் வேறுவிதத்தில் படிக்க நேர்ந்தது. கொரோனாக் காலத்தை ஒட்டி கட்டளைகள் குவிந்தன. உற்பத்தியை விரைவுபடுத்தச் சில அலுமினியத் தகடுகளில் துளைகள் லேசர் கதிரால் வெட்டப்பட்டன. அந்தத் துளைகளின் ஓரங்களில் வெடிப்புகள் தோன்றின. பாகங்களை மாற்றிக் கொடுக்கவேண்டிய செலவு மலைபோல் ஏறியது. பாகத்தொகுதிகள் அடக்கவிலைக்கும் குறைவாக விற்கப்பட்டு வந்ததும் வெளிப்பட்டது. வான்கிறன்ஸ்வன் தனது சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுத்தார். 2023 டிசம்பரில் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. விலைகளை உயர்த்தி, 2024இல் சீரமைப்புத் திட்டத்துக்கு நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது.

சிறு வியாபாரம் செய்யும் நம்மவர் பலருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். விற்பனை கூடிவிட்டது, இரண்டாவது கடை திறக்கலாம் என்று மகிழ்ச்சியோடு வருவார்கள். ஒவ்வொரு பொருளும் என்ன அடக்கத்தில் போகிறது, எங்கே ஒழுகுகிறது என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. வெறுங்கையோடு வந்து இரவு பகலாக உழைத்துச் சேர்த்த பணம் அது. அதனால்தான் பெரிய இயந்திரத்தைப் பூட்டுமுன் காற்றுத்தடையைப் பாருங்கள் என்று அவர்களிடம் சொல்கிறேன்.

அந்த முதல் ஆர்வி-1, பல கைகள் மாறி, புதுப்பிக்கப்பட்டு, 2012இல் ஒஷ்கொஷ் நகரிலுள்ள சங்கத்தின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் போகும் நேயர்கள் பிள்ளைகளையும் கூட்டிச் சென்று காட்டுங்கள். அடுத்த மாதம் இன்னொரு வரலாற்றோடு சந்திப்போம்.