மதுரை நகராட்சிக்கு 150 வயது: யாருடைய பிறந்தநாள்?

சென்னைக்கு ஒரு பிறந்தநாள் உண்டு. 1639 ஆகஸ்ட் 22-ஐக் கணக்கில் கொண்டு 2004 முதல் ஆண்டுதோறும் 'மெட்ராஸ் தினம்' கொண்டாடப்படுகிறது. மதுரைக்கு அப்படி ஒரு தேதியைச் சொல்ல முடியுமா?

முடியாது. கிரேக்கரும் ரோமானியரும் எழுதிய பழைய நூல்களிலேயே மதுரையின் பெயர் இருக்கிறது. நகரிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில் உள்ள கீழடியில் கிடைத்த பொருட்களின் காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை செல்கிறது என்று தமிழகத் தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கை கூறியது. இவ்வளவு பழைய ஊர் எந்த நாளில் பிறந்தது என்று யார் சொல்வது?

ஆனாலும் மதுரைக்கும் எழுத்தில் பதிவான ஒரு தேதி இருக்கிறது. அது 1866 நவம்பர் 1. அன்றுதான் மதுரை நகராட்சி அமைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 2016 நவம்பர் 1-ல் நகராட்சிக்கு 150 வயது நிறைந்தது. அதேபோல 1971 மே 1-ல் மதுரை மாநகராட்சியாக உயர்ந்தது. அதன் பொன்விழா நாள் 2021 மே 1.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஊருக்கு 150 ஆண்டு ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். பெரிய விஷயம்தான். ஏனென்றால் இந்த 150 ஆண்டுக் கணக்கு அரசர்களுடையது அல்ல. தெருவில் குடியிருப்பவர்களுக்கும் ஊரின் நிர்வாகத்துக்கும் உள்ள உறவின் கணக்கு அது.

கோட்டைக்குள் இருந்த ஊர்

மதுரையின் அமைப்பு உலகமே வியக்கும் ஒன்று. நடுவில் மீனாட்சியம்மன் கோயில். அதைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். கோயிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதற்கு அடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி. நாயக்கர் காலத்தில் சீரமைக்கப்பட்ட இந்த வீதிகளைச் சுற்றிக் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன.

அந்த மதில் இன்று இல்லை. அது போரில் இடிந்து போகவில்லை. 1834-ல் கலெக்டராக வந்த பிளாக்பர்ன் காலத்தில், ஊர் மக்களைக் கொண்டே இடிக்கப்பட்டது. நெருக்கடியில் தவித்த ஊருக்கு மூச்சுவிட இடம் தேவைப்பட்டது. மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முன்வந்தவர்களுக்கு அங்கேயே மனை கிடைத்தது. அப்படி உருவானவைதான் வெளி வீதிகள். அந்த வேலையில் பங்கேற்றவர்களின் பெயரால்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் அழைக்கப்படுகின்றன. பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூண் இன்றும் நிற்கிறது. அந்தப் பகுதிக்கே விளக்குத்தூண் என்றுதான் பெயர். தினமும் அதைக் கடந்து துணி எடுக்கப் போகிறவர்களில் பலருக்கு அது யாருக்கான தூண் என்று தெரியாது!

ஊர் மதிலைத் தாண்டி வெளியே வந்தது முதல் மாற்றம். அடுத்த கேள்வி எழுந்தது. விரிந்த ஊரின் சாக்கடைக்கும் விளக்குக்கும் குடிநீருக்கும் யார் பொறுப்பு?

1866: நகராட்சி பிறந்தது

சென்னை மாகாண அரசு 1865-ல் நகர மேம்பாட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படிதான் மறு ஆண்டே மதுரை நகராட்சி ஏற்பட்டது. இதை மக்களாட்சி என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் இருந்தவர்கள் நியமன உறுப்பினர்கள்தான். மக்கள் வரி கட்ட வேண்டும். அதை எப்படிச் செலவிடுவது என்பதை மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள்.

1882-ல் வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிப் புகழ்பெற்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1884-ல் சென்னை மாகாணத்தில் புதிய நகராட்சிச் சட்டம் வந்தது. தேர்தல் மெல்ல மெல்ல வேர்விட்டது. ஆனால் வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே. வாடகை வீட்டுக்காரரும் கூலித் தொழிலாளியும் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த ஆரம்ப காலத்திலேயே ஒரு விசித்திரம் நடந்தது. கோஷ்டிச் சண்டை வன்முறை வரை போனதால் 1891 முதல் 1896 வரை நகராட்சித் தலைவர் பதவிக்குத் தேர்தலே நடக்கவில்லை! மதுரைக்காரர்கள் தேர்தலை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு இது ஒரு பழைய உதாரணம்.

ஊரோ வளர்ந்துகொண்டே இருந்தது. 1875-ல் ரயில் வந்தது. 1895-ல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பப்பட்டது. மேலூர் வரை வயல்கள் விளைந்தன. நகரில் பஞ்சாலைகள் எழுந்தன. 1871-ல் சுமார் 52,000 ஆக இருந்த மக்கள் தொகை 1901-ல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. முப்பதே ஆண்டில் இரண்டு மடங்கு.

'ஊர்' என்றால் யார்?

ஊரின் நடுவில் இருக்கும் கோயிலுக்குள்ளேயே ஊரில் ஒரு பகுதியினர் நுழைய முடியாத நிலை நெடுங்காலம் இருந்தது. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில், கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த பிறகே அந்தக் கதவு திறந்தது.

வாக்காளர் பட்டியலின் கதையும் ஏறக்குறைய இதுதான். சுதந்திரத்துக்குப் பிறகுதான் வயது வந்த அனைவரும் ஓட்டுப் போடும் நிலை வந்தது. ஆக, 1866-ல் பிறந்த நகராட்சி எல்லோருக்கும் சொந்தமாக எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 150 ஆண்டு என்று கொண்டாடும்போது இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

1971-ல் மதுரை மாநகராட்சி ஆனது. சென்னைக்கு அடுத்து தமிழ்நாட்டின் இரண்டாவது மாநகராட்சி என்ற பெருமை அதற்குக் கிடைத்தது. 'மதுரை முத்து' என்று அழைக்கப்பட்ட எஸ்.முத்து முதல் மேயர் ஆனார்.

ஒரு கவுன்சிலரின் கதை

மாநகராட்சியில் கவுன்சிலர் என்பவர் எதற்கு? கமிஷனர் இருக்கிறார், பொறியாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? இந்தக் கேள்விக்கு மதுரையிலேயே ஒரு பதில் இருக்கிறது.

1996 உள்ளாட்சித் தேர்தலில் வில்லாபுரம் பகுதியிலிருந்து மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் லீலாவதி கவுன்சிலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நெசவுத் தொழிலாளர் குடும்பம். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீடு கிடைத்த பிறகு நடந்த முதல் தேர்தல் அது. அவரது பகுதியில் குடிநீருக்குக் கடும் தட்டுப்பாடு. தண்ணீரை விற்றுப் பணம் பார்த்தவர்கள் ஒரு பக்கம், குடத்தோடு காத்திருந்தவர்கள் ஒரு பக்கம். மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வர வேண்டும் என்று அவர் விடாமல் போராடினார். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

கவுன்சிலர் பதவிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு வார்டு உறுப்பினர் நினைத்தால் யாருடைய வருமானத்தைத் தடுக்க முடியும், யாருடைய குடத்தை நிரப்ப முடியும் என்பதை அந்தக் கொலையே காட்டிவிட்டது. அதிகாரமில்லாத பதவியில் இருப்பவரை யாரும் கொல்ல மாட்டார்கள்.

ஊர் கூடிக் கொண்டாடிய நாட்கள்

2011-ல் மாநகராட்சியின் எல்லை விரிந்தது. சுமார் 52 சதுர கி.மீ. இருந்த நகரம் சுமார் 148 சதுர கி.மீ. ஆனது. அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர் நகராட்சிகளும் திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி பேரூராட்சிகளும் பல ஊராட்சிகளும் சேர்ந்தன. 72 வார்டுகள் 100 ஆயின. கண்மாயும் வயலுமாக இருந்த கிராமங்கள் ஒரே நாளில் மாநகரம் ஆகின. 2011 கணக்கெடுப்புப்படி விரிந்த எல்லைக்குள் சுமார் 14.7 லட்சம் மக்கள்.

2013 பிப்ரவரியில் 'மாமதுரை போற்றுவோம்' என்ற விழா மூன்று நாட்கள் நடந்தது. ஆண்டு நிறைவுக் கணக்கு எதுவும் இல்லாமலே, ஊரின் தொன்மைக்காகவும் வைகைக்காகவும் எடுத்த விழா அது. வைகையில் விளக்குகள் ஏற்றப்பட்டன. ஊர்வலம் நடந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் கூடிப் பழகிய ஊருக்குக் கூட்டம் புதிதல்ல. ஆனால் சாமி இல்லாமல், ஊரையே நடுவில் வைத்துக் கூடியது புதிது.

விழா நாளும் காலி நாற்காலியும்

இனி அந்த இரண்டு தேதிகளுக்கு வருவோம்.

2016 அக்டோபரில் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடப்பதாக இருந்தது. பழங்குடியினர் இடஒதுக்கீடு உள்ளிட்ட குறைகளைச் சுட்டிக்காட்டிய வழக்கில், அக்டோபர் 4-ல் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அக்டோபர் 24-ல் பழைய மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. மறுநாள் முதல் தனி அதிகாரியின் நிர்வாகம். அடுத்த வாரமே நவம்பர் 1. மதுரை நகராட்சி 150 ஆண்டை நிறைவு செய்த அன்று மேயரும் இல்லை, நூறு வார்டில் ஒரு கவுன்சிலரும் இல்லை!

வார்டு மறுவரையறை, வழக்கு, மீண்டும் வழக்கு என்று தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. 2021 மே 1-ல் மாநகராட்சியின் பொன்விழா நாள் வந்தது. அப்போது கொரோனா இரண்டாம் அலை. மறுநாள் சட்டமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. அன்றும் மாமன்றம் காலியாகவே இருந்தது.

ஐந்து ஆண்டுக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது 1993-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் சொல்லும் விதி. தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19-ல். மார்ச் 2-ல் கவுன்சிலர்கள் பதவியேற்றனர். இரண்டு நாள் கழித்து இந்திராணி பொன்வசந்த் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐந்து ஆண்டு நான்கு மாத இடைவெளி. 1891-ல் தொடங்கிய இடைவெளியின் அளவுக்கு இதுவும் நீண்டுவிட்டது. அப்போது காரணம் கோஷ்டிச் சண்டை. இப்போது காரணம் கோப்புகள்.

இந்த இடைவெளியில் ஊர் சும்மா இருக்கவில்லை. 2016 செப்டம்பரில்தான் மதுரை ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வானது. மாசி வீதிகள் தோண்டப்பட்டன. பெரியார் பேருந்து நிலையம் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டது. ஊரின் முகத்தையே மாற்றும் வேலைகள் இவை. வீதியை எப்போது தோண்டலாம், கடைக்காரர் எங்கே போவார், பள்ளத்தை எப்போது மூடுவார்கள் என்று மாமன்றத்தில் எழுந்து கேட்க ஒருவர்கூட இல்லாத காலத்தில் அவை நடந்தன. வரி மட்டும் நிற்கவில்லை.

அதிகாரிகள் மட்டும் இருந்தால் வேலை வேகமாக நடக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. மாமன்றக் கூட்டங்களில் நடக்கும் கூச்சலைப் பார்த்தால் அப்படித் தோன்றுவதும் இயல்பு. ஆனால் நல்ல அதிகாரி மாறுதலாகிப் போய்விடுவார். கவுன்சிலர் நல்லவரோ மோசமானவரோ, அதே தெருவில்தான் குடியிருப்பார். அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம்.

முடிவுரை

மதுரையின் பழமைக்கு யாரும் தேதி குறிக்க வேண்டியதில்லை. பாண்டியர் பெருமையும் நாயக்கர் பெருமையும் தானாகவே நிற்கும். ஆனால் 1866-ல் தொடங்கிய கணக்கு அப்படித் தானாக நிற்பது இல்லை. நியமனத்திலிருந்து தேர்தலுக்கும், வரி கட்டுபவரிலிருந்து எல்லோருக்கும், ஆண்களிடமிருந்து பெண்களுக்கும் என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்த கணக்கு அது. வில்லாபுரத்தில் ஒரு உயிரையும் அது விலையாகக் கேட்டது.

2041-ல் நகராட்சிக்கு 175 ஆண்டு ஆகும். தோரணமும் வாணவேடிக்கையும் எப்படியும் இருக்கும். அன்றைக்கு மாமன்றத்தின் நாற்காலிகளிலும் ஆள் இருந்தால், அதுவே உண்மையான பிறந்தநாள் விழா.