குடத்துக்குள் இல்லாத பெயர்கள்

காவாந்தண்டலத்தில் எங்கள் தெருமுனைக்கு விடிகாலையிலேயே கம்பெனி பஸ் வந்துவிடும். ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் என் சித்தி மகன் அதில்தான் ஆலைக்குப் போகிறான். 'எல்லாரும் ஒரே டீம்னு சொல்றாங்கண்ணா. ஆனா டீம் லீடரை யார் போட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியாது' என்றான் ஒருநாள். இந்தக் கேள்வியோடுதான் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை மறுபடி வாசித்தேன்.

முதல் பராந்தகன் காலத்து அந்த இரு கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) குடவோலை ஜனநாயகம் என்று மேடைகளில் பேசிப் பேசித் தேய்த்தாயிற்று. அவற்றை ஒரு வேலைக் குழுவின் விதிகளாக வாசித்தால் வேறொன்று துலங்குகிறது. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஸம்வத்ஸர வாரியத்துக்கு 12 பேர். பொறுப்பு 360 நாள்தான். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் மறுபடி வரக்கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய உறவுக்காரர்களுக்கும் இல்லை. குற்றம் கண்டால் நடுவிலேயே நீக்கம். விவரம் அறியாத சிறுவன் ஓலையை எடுக்க, மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி, எல்லோர் காதிலும் விழப் படிக்க வேண்டும்.

ஐந்து விரலையும் விரி என்று கல்லில் வெட்டுகிறார்கள் என்றால், விரல் மூடி ஓலை மாற்றிய கதை ஊருக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே பொருள்? 919இல் செய்த ஏற்பாட்டை இரண்டே ஆண்டில் திருத்தியிருக்கிறார்கள். நல்லவர்கள் கூடினால் குழு நன்றாக நடக்கும் என்ற நம்பிக்கை இந்தப் பிரதியில் இல்லை. கூடுகிறவர்கள் மீதான சந்தேகமே அதற்கு அஸ்திவாரம். அதுதான் அதன் பலம்.

ஆனால் அந்தச் சந்தேகம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. குடத்தில் பெயர் விழ வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35க்கு மேல் 70க்குள் வயது வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிரமதேய சபை. ஏரிக்கு வாரியம் உண்டு. ஏரியில் மண் சுமந்தவர் அதில் இல்லை. பெண்கள் இல்லை. மடை திறக்கிற கம்புகட்டியாக இருந்த என் தாத்தா அந்தக் காலத்தில் பிறந்திருந்தால், தண்ணீரின் அளவு தெரிந்தவர் என்பதற்காக யாரும் அவர் பெயரை ஓலையில் எழுதியிருக்க மாட்டார்கள். வேலையைத் தீர்மானிக்கும் குழு வேறு, வேலை செய்யும் கூட்டம் வேறு.

இந்தப் பிளவு கல்லோடு முடிந்துவிடவில்லை. சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பர் 9இல் தொடங்கி 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதியமும் கேட்டார்கள்; ஆனால் சண்டையின் மையம் சங்கத்தை அங்கீகரிப்பதுதான். இடையில் நிர்வாகம் தொழிலாளர் குழு ஒன்றோடு ஒப்பந்தம் போட்டது. வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்தான்.

அங்கே தகராறு, குழு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எங்கள் பெயரில் பேசுகிறவரை யார் பொறுக்குவது என்பது. வாரியத்தின் கணக்குக் கேட்கும் விதிகளை எடுத்துக்கொள்வோம். அதன் கால் வேலியை விட்டுவிடுவோம். இரண்டையும் பிரிக்காமல் பழம்பெருமை பேசினால், விடியற்கால பஸ்ஸில் தூங்கி வழிகிற பையனுக்குச் சொல்ல நம்மிடம் ஒன்றுமே இருக்காது.