பிரா அளவு: கடைக்குப் போகுமுன் வீட்டில் அளந்துகொள்ளுங்கள்

வெளிநாடுகளுக்கு பிரா தைத்து அனுப்பும் நாடு இது. நமது ஊர்க் கடையில் ‘என்ன சைஸ்?’ என்று கேட்பவரோ பெரும்பாலும் ஆண். கூச்சத்தில் பழைய இலக்கத்தையே சொல்லி வாங்கி வருகிறோம்.

மார்புக்குக் கீழே நாடாவை இறுக்கிச் சுற்றி அங்குலத்தில் அளவெடுங்கள். இரட்டை எண் என்றால் 4, ஒற்றை எண் என்றால் 5 கூட்டுங்கள். 29 வந்தால் பட்டி அளவு 34. பிறகு மார்பின் எடுப்பான பகுதியைத் தளர்வாக அளவுங்கள். அது பட்டி அளவைவிட 1 அங்குலம் கூடினால் ஏ, 2 பி, 3 சி, 4 டி. அங்கே 36 என்றால் உங்களுக்கு 34 பி.

இது தொடக்கக் கணக்குதான். பலருக்குப் பட்டி தளர்ந்துவிடும். பாரத்தைத் தாங்குவது தோள்பட்டி அல்ல, கீழ்ப்பட்டி. அது முதுகில் மேலேறினால் 32 சி எடுங்கள், கிண்ணம் அதேதான். புதியது கடைசிக் கொளுக்கியில் பொருந்த வேண்டும். மாற்றித் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

நெஞ்சில் ஷெல் காயத் தழும்பு உள்ளவர்கள் கம்பி வைத்ததைத் தவிர்த்து, அகலப் பட்டியுள்ள பருத்தியைத் தேடுங்கள். தையல் தழும்பின்மேல் உரசக்கூடாது. காயத்தால் ஒரு மார்பு சிறுத்திருந்தால் பெரிய பக்கத்துக்கு அளவெடுத்து, மற்றக் கிண்ணத்தில் மென்மையான துணியை மடித்து வைக்கலாம். தழும்பு புண்ணானாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ அதை மறைக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்கவும் தயங்க வேண்டாம்.