பாம்பு சொன்ன சாட்சி

சங்கரன்கோவிலுக்கு வருவோர் சங்கரநாராயணரையும் கோமதியம்மையையும் வணங்கியபின் சிறிது புற்றுமண்ணோடு ஊர் திரும்புவது வழக்கம். சங்கன், பதுமன் என்னும் இரு நாகங்களின் வழக்கைத் தீர்க்கவே இறைவன் அரியும் அரனுமாய் ஓருடலில் தோன்றினான் என்பது தலபுராணம். அண்மை வரலாற்றிலும் இதையொத்த கதை ஒன்றுண்டு. அதில் வழக்கு மனிதருடையது, சாட்சி பாம்பினுடையது.

1972இல் சுசுமு ஓனோ என்னும் அறிஞர் நம் டி.என்.ஏ.வின் பெரும்பகுதியைக் ‘குப்பை’ என்றார். மனித மரபணுத்தொகை ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் கொண்டது. புரதங்களுக்கான குறிப்பு அதில் 2 விழுக்காட்டையும் எட்டாது. இன்னுமொரு சிறுபகுதி, எந்த மரபணு எப்போது இயங்கவேண்டும் என ஆணையிடுகிறது. மற்றவை எப்படிச் சேர்ந்தன? ஓலை படியெடுத்த காலத்தை நினைத்தால் விளங்கும். எழுதுவோன் கண் பிசகி ஒரு சீரை இருமுறை எழுதுவான். அடுத்தவன் அதையும் விடாமல் எழுதுவான். மரபணுக்களும் இவ்வாறு இரட்டித்து, இரண்டில் ஒன்று பழுதாகி ஊமையாய்த் தங்கிவிடுவதுண்டு. தம்மைத் தாமே படியெடுத்து வேறிடங்களில் செருகிக்கொள்ளும் துண்டுகளும் உண்டு; நம் தொகையில் ஏறக்குறையப் பாதி இவற்றின் எச்சமே. தீங்கு மிகாதவரை இயற்கைத் தேர்வு இவற்றைக் களைவதில்லை. (வெங்காயத்தின் டி.என்.ஏ. நம்முடையதைப்போல் ஐந்து மடங்கு! ஏட்டின் கனம் வேறு, சரக்கு வேறு என்பது நூலகம் வைத்திருப்போர் அறியாததல்ல.)

உத்தரப்பிரதேசத்து ஜவுன்பூர் மாவட்டக் கிராமமொன்றில் 1947இல் பிறந்த லால்ஜி சிங், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பாம்புகளின் குரோமோசோம்களை ஆய்ந்தவர். பெண்பாம்பிடம் மட்டுமே உள்ள ‘டபிள்யூ’ குரோமோசோம், நாகம், கட்டுவிரியன் போன்றவற்றில் தன் இணையோடு எழுத்துக்களைப் பரிமாறிச் செப்பனிட்டுக்கொள்ளும் வாய்ப்பை இழந்தது. எனவே அதில் பயனற்றவை குவிந்தன. எடின்பரோவில் பணியாற்றியபோது, மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டையிட்ட கட்டுவிரியனிலிருந்து அத்தகைய தொடரொன்றைச் சிங்கும் உடனிருந்தோரும் பிரித்தெடுத்து 1980இல் வெளியிட்டனர். ஜி.ஏ.டி.ஏ. என்ற நான்கெழுத்தே மீளமீள வரும் தொடர் அது. மனிதரிடமும் அது இருந்தது.

பொருளுள்ள இடத்தில் பிழை நேர்ந்தால் உயிருக்கே கேடு; ஆதலால் அங்கே மனிதர் பெரும்பாலும் ஒத்திருக்கிறோம். பொருளற்ற இடத்திலோ காவல் இல்லை. நான்கெழுத்து ஒருவரிடம் பத்துமுறை வரும், மற்றவரிடம் பதினாறுமுறை. அவ்வெண்ணிக்கையில் ஒருபாதி தாய்வழி, ஒருபாதி தந்தைவழி. சுவடி ஒப்பிடுவோர்க்கு இது புதிதன்று: இரு ஏடுகளில் ஒரே பிழை காணப்பட்டால் அவை ஒரு தாயேட்டின் மக்கள்.

1987இல் ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் சேர்ந்த சிங், பாம்பின் அத்தொடரைக்கொண்டே மரபணு ரேகை எடுக்கும் முறையை அமைத்தார். தலச்சேரி நீதிமன்றத்தில் தன் குழந்தைக்குத் தந்தை இன்னாரென நிறுவவேண்டிய நிலையில் நின்ற ஒரு பெண்ணுக்கு அது துணைநின்றது. ஊரார் வாய்க்கு அஞ்சாத சாட்சி வேறெது கிடைத்திருக்கும்? 1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின், சிதறிய உடற்பாகங்களைக்கொண்டு கொலையாளியை அடையாளம் காண்பதிலும் அதே முறை பயன்பட்டது.

2017இல் மறைந்த சிங் அத்தொடரை வெறுங்குப்பையாக ஏற்றவரல்லர். பால் வேறுபாட்டில் அதற்குப் பங்குண்டா என்று தொடர்ந்து தேடினார். 2012இல் ‘என்கோடு’ திட்டத்தார் மனிதத் தொகையில் 80 விழுக்காட்டுக்குச் செயலுண்டு என்றனர். வேதிவினை நிகழ்வதையெல்லாம் செயலென எண்ணியதால் வந்த கணக்கு அது என்று பலர் மறுத்தனர். எமக்கும் மறுப்போர் பக்கமே நியாயம் தெரிகிறது. ஆனால் ‘குப்பை’ என்னும் பெயர்ப்புத்தான் இடறுகிறது. எங்கள் பக்கத்து உழவர் வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிக்கும் எருவும் குப்பைதான். வீசியெறிவது வேறு, வேண்டாததாயினும் வைத்திருப்பது வேறு என்று சிட்னி பிரென்னர் பிரித்துக் காட்டியதுண்டு. பின்னதற்கு நம் வீடுகளில் இடமே உண்டு. அதைப் பரண் என்கிறோம்.