புத்தளக் கரையின் வேலியும் மதிலும்

வேலி, அரண், எயில், மதில் என நிலத்தைச் சூழ்ந்து நிற்பனவற்றுக்குத் தமிழிற் பெயர் பல. மதில் காத்தலை நொச்சி எனத் தனித்திணையாகவே புறப்பொருள் வெண்பாமாலை வகுத்துள்ளது. ஆயினும் அரசர் பெயரையும் போர் நாளையும் ஆராய்வார் பலராக, அவ்வரசர் எழுப்பிய மதில் எக்கல்லால் ஆயது, எச்சாந்தாற் பிணிப்புண்டது என்று ஆராய்வார் சிலரே. அத்தகைய ஆராய்ச்சிக்குப் புத்தளம் மாவட்டத்துக் கடற்கரை நல்லதோர் களமாகும். கருங்கல் அணித்தே கிடையாத அம்மணற் பாங்கில் அரண் எடுக்க முயல்வோன் காட்டையேனும் கடலையேனும் நாடவேண்டியவனாயினான்.

காட்டை நாடியமைக்குச் சான்று முற்பட்டது. மொரோக்கோ நாட்டு யாத்திரிகராகிய இபுன் பத்தூத்தா மாலைதீவினின்றும் மாபார் நாட்டுக்குச் செல்லுங்கால், 1344ஆம் ஆண்டிலே, காற்று மாறியதால் இலங்கைக் கரையை அடைந்தார். அவர் பத்தாலா எனக் குறிக்கும் நகரைப் புத்தளம் என்றே அறிஞர் கொள்வர். சிறியதும் அழகியதுமான அந்நகரை மரத்தாலாய மதில் சூழ்ந்திருந்தது என்றும், அதன்கண் மரக்கோபுரங்களும் இருந்தன என்றும் அவர் எழுதிவைத்தார். அங்கு ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்று, முத்துக்களைக் காட்டி உரையாடினான். வெள்ளத்தால் அடித்து வரப்பட்ட கறுவா மரங்கள் கரையெங்கும் குன்றுபோற் குவிந்து கிடந்தன என்பதும் அவர் கூற்று. அரசனுக்குத் துணி முதலியன கையுறையாக அளித்து, மலையாளக் கரையாரும் சோழமண்டலக் கரையாரும் அவற்றை எடுத்துச் சென்றனர். விலைமிக்க பொருள் வெளியே கிடக்க, அரணுக்குள்ளே காக்கப்பட்டது யாது என வினவத் தோன்றுகின்றது. அரசனும் அவன் முத்துமே போலும்!

மரவேலி நிலத்துப் பகைக்குப் போதியது, பீரங்கிக்குப் போதியதன்று. போர்த்துக்கேயர் வருகையால் இக்கரையிற் போர்முறை மாறிற்று. 1578இல் அவர்கள் சிலாபத்துக்கு அணித்தான முன்னேசுவரத்தை இடித்தனர். அக்கோயில் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில், 1753இல், மீண்டும் எழுந்தது. கற்பிட்டியில் இயேசு சபையார் நிலைகொண்டிருந்தனர். 1659இல் ஒல்லாந்தர் அவ்விடத்தைக் கைப்பற்றி, 1667 முதல் 1676 வரை அங்கே கோட்டையொன்றை எடுத்தனர்.

இக்கோட்டையின் உட்பொருளை அறிதற்கு நிலப்படத்தை நோக்கல் வேண்டும். புத்தளக் களப்பு வடக்கே கடலோடு கலக்கின்றது. அதன் மேற்கே நீண்டு கிடக்கும் நிலநாக்கின் வடபாகத்திலே, களப்பினோரமாகக் கற்பிட்டி உள்ளது. உள்நாட்டிலிருந்த இரண்டாம் இராசசிங்கனுக்குப் புத்தளம் கடல்வாயில்களுள் ஒன்றாயிருந்தது. பாக்கு வெளியே போகவும் துணி உள்ளே வரவும் தோணிகள் கற்பிட்டியைக் கடந்தே செல்லவேண்டும். ஆகவே ஒல்லாந்தர் எடுத்த மதில் சிறியதொரு நிலத்தைச் சூழ்ந்ததாயினும், அடைபட்டது மன்னனின் வாணிகமேயாம். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கண்டியரசு கடற்கரை முழுவதையும் இழந்தபோது, கற்பிட்டியில் ஒரு நூற்றாண்டுக்கு முன் தொடங்கிய அடைப்பு முற்றுப்பெற்றது எனல் பொருந்தும். மதிலை எடுத்தவர்களும் நெடுங்காலம் நிலைத்திலர். 1795 நவம்பரில் அது ஆங்கிலேயர் வசமாயிற்று.

இனி அம்மதிலின் ஆக்கத்தைக் காண்போம். வாயிலிற் செங்கல் பயின்றுவர, ஏனைய சுவர் பெரும்பாலும் அயலிற் கிடைத்த முருகைக்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் ஆயது. முருகைக்கல் கடலினின்றும் எடுத்த புதிதில் வெட்டுதற்கு எளிது, காய்ந்தபின் இறுகும், நுண்டுளை மிக்கதாதலின் சாந்தை நன்கு பற்றும். அக்கல்லையே சூளையிலிட்டுச் சுட்டால் நீறும் கிடைக்கும். நீரூற்றிப் பூத்த சுண்ணாம்பை மணலோடு குழைத்துப் பூச, அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு, மீண்டும் கல்லின் தன்மையையே அடைகின்றது. இறுகுதற்கு ஆண்டுகள் பல செல்லும். விரைந்து கட்ட விழைவார்க்கு அது ஏற்றதன்று. ஆயினும் இரும்பு கலவாமையால் உப்புக்காற்று அரித்தற்கு உள்ளே யாதுமில்லை. மணலின்மேல் நிற்கும் சுவர் புதையாமைப்பொருட்டு அடி அகன்று நிற்றலும் இன்றியமையாதது.

கற்பிட்டியிற் பிறந்து, 1834இல் இலங்கை விவரத்தொகுதியை வெளியிட்ட சைமன் காசிச்செட்டியின் காலத்திலும், குடிகளின் வளவுகளுக்குக் கன்மதில் அரிய பொருளேயாகும். கதியால் நட்டுக் கிடுகு கட்டிய வேலியே எளியோர் எல்லை. கிடுகு சில ஆண்டில் உக்கும். அயலார் இருவரும் கூடி மீண்டும் கட்டுவர். எல்லை ஆண்டுதோறும் பேசித் தீர்க்கப்படுதற்கு அவ்வேலியே ஏதுவாயிற்று. சில வேளைகளில் வழக்கெழுதற்கும் அதுவே ஏதுவாயிற்று.

இன்று முருகைக்கல் அகழ்தல் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. கற்பிட்டிக்கு மேற்கே உள்ள பவளப்பார் 1992 முதல் காப்பிடமாகவும் விளங்குகின்றது. வளவுகளைச் சீமெந்துக் கல் மதிலும், முட்கம்பி பூட்டிய கொங்கிறீற்றுத் தூண்வேலியும் சூழ்கின்றன. அச்சீமெந்துக்கு அருவக்காட்டில் அகழும் சுண்ணக்கல் உதவுகின்றது; அதுவும் தொல்லைக் கடலொன்றின் படிவே. ஆயின் தூணின் உள்ளே இரும்புக்கம்பி உளது. கடலுப்பு வெடிப்பின் வழியே நுழைந்து அதனைத் துருவாக்க, துருவோ பருத்துத் தூணைப் பிளக்கின்றது. கடற்படை முகாமின் எல்லைக்குள் ஒல்லாந்தர் மதில் நிற்க, அதற்குச் சிறிது தொலைவிலேயே அண்மையில் நட்ட தூண்கள் நெடுக வெடித்து நிற்கின்றன.