1260 நாள்: ஒரு தீர்க்கதரிசனக் கணக்கு கைமாறிய கதை

தானியேல் புத்தகத்தின் ஏழாம் அதிகாரத்தில் கடலிலிருந்து நான்கு மிருகங்கள் எழும்பி வருகின்றன: கழுகுச் சிறகு கொண்ட சிங்கம், மூன்று விலா எலும்பைக் கவ்விய கரடி, நான்கு தலைச் சிறுத்தை, இரும்புப் பல்லும் பத்துக் கொம்பும் உடைய பெயரற்ற நான்காம் மிருகம். அந்தக் கொம்புகளின் நடுவே முளைக்கும் சின்னக் கொம்பு மூன்றரைக் காலம் பரிசுத்தவான்களை ஒடுக்குகிறது. வெளிப்படுத்தின விசேஷம் இதே அளவை 42 மாதம் என்றும் 1260 நாள் என்றும் சொல்கிறது. மாதத்துக்கு 30 நாள் வைத்தால் மூன்றும் ஒன்றே. நான்கு மிருகங்களும் பாபிலோன், மேதிய-பெர்சியா, கிரேக்கம், ரோமாபுரி என்பதில் பழைய சபை உரைகாரர்களில் பெரும்பாலோர் ஒத்துப்போனார்கள். பிற்காலச் சபைகள் முட்டிக்கொண்டது அந்த எண்ணில்தான்.

204 வாக்கில் தானியேலுக்கு உரை எழுதிய ஹிப்போலித்துவுக்கு அது சாதாரண மூன்றரை ஆண்டு. இனி வரப்போகும் அந்திக்கிறிஸ்துவின் ஆட்சிக்காலம். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் கிறிஸ்தவத்தை எதிர்த்த தத்துவஞானி போர்பிரி அடியோடு மறுத்தார். இது முன்னறிவிப்பே அல்ல, கி.மு. 167இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய மன்னன் அந்தியோகுவின் நாளில், நடந்ததைப் பார்த்து எழுதியது என்றார். ஜெரோம் 407இல் அவருக்குப் பதில் எழுதினார். போர்பிரியின் நூலை எரித்துவிட்டதால், அவர் வாதம் நமக்குக் கிடைப்பதே பெரும்பாலும் ஜெரோமின் மறுப்பிலிருந்துதான். இன்றைய பல்கலைக்கழக ஆய்வாளர்களில் பெரும்பாலோர் போர்பிரியின் பக்கம் நிற்பது வேடிக்கை. அகுஸ்தீனோ வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆயிரமாண்டு அரசாட்சியைத் திருச்சபையின் காலமாகவே எடுத்துக்கொண்டார். அதன்பின் மேற்கத்திய இறையியலார் தேதி குறிப்பதில் நெடுங்காலம் அடக்கி வாசித்தார்கள்.

அதை மறுபடி கிளப்பியவர் தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த மடாதிபதி, பியோரேயின் யோவாக்கிம் (சுமார் 1135–1202). மத்தேயு சுவிசேஷம் ஆபிரகாம் முதல் கிறிஸ்து வரை 42 தலைமுறை எண்ணுகிறது. பழைய ஏற்பாட்டுக்கு 42 என்றால் புதிய ஏற்பாட்டுக்கும் 42, தலைமுறைக்கு 30 ஆண்டு, ஆக 1260. பிதாவின் காலமும் குமாரனின் காலமும் கழிந்து பரிசுத்த ஆவியின் காலம் பிறக்கும். சிலுவைப்போருக்குப் புறப்பட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு 1190–91 குளிர்காலத்தில் மெசினாவில் தங்கியிருந்தபோது இவரை வரவழைத்து விளக்கம் கேட்டார். வெளிப்படுத்தின விசேஷத்து வலுசர்ப்பத்தின் ஆறாம் தலை சலாகுதீன் என்று பதில் வந்தது.

யோவாக்கிம் ஆண்டை அடித்துச் சொல்லவில்லை. அவரைப் பின்பற்றியவர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. பிரான்சிஸ்கன் துறவி ஜெரார்தோ 1254இல் யோவாக்கிமின் எழுத்துகளே நித்திய சுவிசேஷம் என்று எழுதப்போய்ச் சிறைக்குப் போனார். 1260இல் பெருஜியாவில் தொடங்கி இத்தாலிய நகரங்களில் மக்கள் தங்களையே சவுக்கால் அடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ஆண்டு கடந்தது. உலகம் அப்படியே இருந்தது.

கணக்கு தோற்றாலும் முறை தோற்கவில்லை. சீர்திருத்தக்காரர்கள் அதைக் கையில் எடுத்தபோது சின்னக் கொம்புக்கு ஒரு முகம் கிடைத்தது. 1522 செப்டம்பரில் வந்த லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், வெளிப்படுத்தின விசேஷத்துக்கு மட்டும் லூக்காஸ் கிரானாக்கின் பட்டறை 21 மரச்செதுக்குப் படங்கள் செய்தது. பாதாளத்து மிருகத்தின் தலையிலும் பாபிலோன் வேசியின் தலையிலும் போப்பின் மூன்றடுக்குக் கிரீடம். சாக்சனியின் ஜார்ஜ் கோமகன் கொதித்தார். டிசம்பர்ப் பதிப்பில் அச்சுக்கட்டையின் மேலடுக்குகளைச் செதுக்கி எடுத்து, சாதாரணக் கிரீடமாக்கினார்கள். அந்த ஆண்டு வெளிப்படுத்தின விசேஷம் அப்போஸ்தலரின் எழுத்தாகத் தமக்குத் தோன்றவில்லை என்று முன்னுரையில் எழுதிய அதே லூத்தர், 1530இல் முன்னுரையை மாற்றி, அதைத் திருச்சபை வரலாற்றின் வரைபடமாகவே வாசித்துக் காட்டினார். எதிரியைச் சுட்ட உதவும் நூல் என்று தெரிந்ததும் மதிப்பும் கூடிவிட்டது என்று சொன்னால் தப்பில்லை.

ஒரு நாளுக்கு ஓர் ஆண்டு என்பதற்கு எண்ணாகமம் 14ஐயும் எசேக்கியேல் 4ஐயும் ஆதாரம் காட்டினார்கள். 1260 ஆண்டு ஆண்ட வல்லமை என்றால் அது போப்பாட்சிதான் என்பது அவர்கள் முடிவு. இந்தப் பிடியிலிருந்து கழன்றுகொள்ள இரண்டு இயேசு சபையினர் இரண்டு திசையில் வழி தேடினார்கள். சலமான்காவின் பிரான்சிஸ்கோ ரிபேரா 1590 வாக்கில், அது வருங்காலத்தில் வரும் தனிமனிதன் ஒருவனின் மூன்றரை ஆண்டு என்றார். லூயிஸ் தெ அல்காசார் 1614இல், பெரும்பகுதி யூதரையும் புறமத ரோமையும் திருச்சபை வென்ற கதை, அது அன்றே முடிந்தது என்றார். இருவர் கணக்கிலும் போப்புக்கு இடமில்லை.

கேம்பிரிட்ஜின் ஜோசப் மீட் 1627இல் காட்சிகளை ஒன்றோடொன்று பொருத்தி அட்டவணையே போட்டார். நியூட்டன் ஒரு தாளில், 800இலிருந்து எண்ணி 2060 என்று குறித்தார். அவசரக்காரர்கள் அடிக்கடி நாள் குறித்து வேதத்தைக் கேலிப்பொருளாக்குவதை நிறுத்தவே அதை எழுதுவதாகவும் சொல்லிக்கொண்டார்.

1798 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை ரோமில் புகுந்து போப் ஆறாம் பயஸைக் கைதுசெய்ய, புராட்டஸ்டண்டு உலகம் சிலிர்த்தது. 1260ஐக் கழித்தால் 538. கோத்தர்கள் ரோம் முற்றுகையைக் கைவிட்ட ஆண்டு. முடிவு கிடைத்த பிறகு தொடக்கத்தைத் தேடிய கணக்கு இது.

இந்தத் துணிச்சலில் நியூயார்க் மாநில விவசாயி வில்லியம் மில்லர் கிறிஸ்துவின் வருகையைக் கணிக்க, தானியேல் 8இன் 2300 நாளை எடுத்தார். கி.மு. 457இலிருந்து எண்ணினால் 1843. சுழியம் என்ற ஆண்டு கிடையாது என்பது பிறகு நினைவுக்கு வர, 1844க்குத் தள்ளி, அக்டோபர் 22 என்று இயக்கம் நாளும் குறித்தது. ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள், வருகை நடக்கவில்லை.

அதற்கு முன்பே, 1826இல், ஆங்கிலிக்க அறிஞர் சாமுவேல் மெய்ட்லண்டு நாளை ஆண்டாக்குவதற்கு வேத ஆதாரமே இல்லை என்று வாதிட்டிருந்தார். அடுத்த ஆண்டு, சிலி நாட்டு இயேசு சபைத் துறவி லக்குன்சா யூதப் புனைபெயரில் எழுதிய நூலை எட்வர்டு இர்விங் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். வருங்கால வாசிப்புக்குப் புராட்டஸ்டண்டுகளிடையே இப்படிக் கதவு திறந்தது. பிரதரன் இயக்கத்தின் ஜான் நெல்சன் டார்பி அதைக் காலவகுப்புத் திட்டமாக விரித்தார். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை வீடுதோறும் சேர்த்தன. தமிழ்ப் பெந்தெகொஸ்தே மேடைகளில் கேட்கும் இரகசிய வருகை, ஏழாண்டு உபத்திரவம் ஆகியவை இந்த வழியில் வந்தவை. போப்பைக் காக்க ரிபேரா வைத்த எழுத்தர்த்தமான மூன்றரை ஆண்டு, போப்பை ஏற்காதவர்களின் பாடமாகிவிட்டது.

பழைய கணக்கை விடாதவர்களும் உண்டு. மில்லர் இயக்கத்தின் மிச்சத்திலிருந்து 1863இல் அமைப்பான ஏழாம்நாள் அட்வென்டிஸ்டு சபை 538–1798ஐ இன்றும் போதிக்கிறது; 1844 அக்டோபர் 22ஐயும் கைவிடவில்லை. அன்று நடந்தது பூமியில் அல்ல, பரலோக ஆலயத்தில் என்பது அதன் விளக்கம்.