நுரையீரலைச் சுற்றி நீர் கோர்ப்பது ஏன்?

"நெஞ்சில் நீர் கோர்த்திருக்கிறது" என்று மருத்துவர் சொன்னதும் பலரும் பயந்துவிடுகிறோம். இது தனி நோய் அல்ல. வேறொரு நோயின் வெளிப்பாடு. அந்த நோய் எது என்று கண்டறிவதே முக்கியம்.

எங்கே சேர்கிறது?

நுரையீரலைச் சுற்றி ப்ளூரா எனப்படும் இரண்டு மெல்லிய உறைகள் உள்ளன. மூச்சு விடும்போது இவை ஒன்றோடொன்று உராயாமலிருக்க, இடையில் சில மில்லி நீர் எப்போதும் இருக்கும். பழைய நீரை உடலே உறிஞ்சிக்கொள்ளும். சுரப்பு அதிகரித்தாலோ உறிஞ்சுவது தடைப்பட்டாலோ நீர் தேங்கி நுரையீரலை அழுத்துகிறது.

காரணங்கள்

இதயம் பலவீனமடைதல், கல்லீரல் சுருக்கம், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றால் சேரும் நீரில் புரதம் குறைவாக இருக்கும். காசநோய், நிமோனியா, புற்றுநோய் போன்றவற்றால் சேர்வதில் புரதம் அதிகம். நம் நாட்டில் காசநோய் ஒரு முக்கியக் காரணம். இளம் வயதினரையும் இது தாக்குகிறது.

அறிகுறிகள்

மூச்சு வாங்குதல், மூச்சை இழுக்கும்போது ஒரு பக்கம் குத்தும் வலி, வறட்டு இருமல். இவற்றோடு மாலை நேரக் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம்.

பரிசோதனையும் சிகிச்சையும்

எக்ஸ்ரே, ஸ்கேன் மூலம் நீர் இருப்பது தெரியும். பிறகு, மரத்துப்போகும் மருந்து செலுத்தி, விலா எலும்புகளுக்கு இடையே ஊசி மூலம் சிறிது நீர் எடுத்துச் சோதிப்பார்கள். மூச்சுத் திணறல் இருந்தால் கூடுதலாக வெளியேற்றுவார்கள். ஒரே தடவையில் பெரும்பாலும் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. சீழ் பிடித்திருந்தால் குழாய் பொருத்த நேரிடும்.

"ஒருமுறை நீர் எடுத்தால், எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்" என்ற பேச்சு தவறு. மூல நோய் குணமாகாதபோதுதான் நீர் மீண்டும் சேர்கிறது.

பாதியில் நிறுத்தாதீர்கள்

நீரை எடுத்ததும் மூச்சு லேசாகிவிடும். நோய் போய்விட்டது என்று எண்ணிப் பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். இதுதான் ஆபத்து. காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாகவும் மாறலாம். அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்துகள் இலவசம். சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 1000 ரூபாயும் வழங்குகிறது.

மூச்சுத் திணறல் திடீரென அதிகரித்தாலோ உதடு நீலம் பூத்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.